தைக்கா ஸ்பீக்கரின் பிழை

மகன்,

நேத்துப் பின்னேரம் நீ டெலிபோன்ல என்னமோ கேட்டாய், ஸ்பீக்கரைப் போட்டுத்தான் கதைச்சன். நான் "ஓம் மகன்" எண்டன். திருப்பியும் கேட்டாய், திருப்பியும் "ஓம் மகன்" எண்டன். நீ ஸலாம் சொல்லி வச்சிட்டாய். நீ என்ன கேட்டாய் எண்டு எனக்குத் தெரியாது. வாப்பாவை அடக்கின நாள்ல இருந்து வீட்டுக்குள்ளயே இத்தா இருக்கிற எனக்குத் துணையா வந்து நிக்கிற வாப்பாட தங்கச்சி ஜெசீமா மாமி, அரிசி புடைச்சுக்கொண்டிருந்த சுளகைக் கீழ வச்சிட்டு என்ட முகத்துக்கு நேர வந்தா. "என்ன கா மச்சி, தைக்கால இருக்கிற காக்காட மிஷினைக் கழட்டி எறியட்டா எண்டு புள்ள கேக்கான், நீங்க ஓம் ஓம் எண்டு தலையாட்டுறீங்க?" எண்டு கேட்டா. அப்பதான் எனக்கு விளங்கினது. அதாலதான் இந்தக் கடிதம். இந்தக் காலத்துல ஆர் உம்மா கடிதம் எழுதுறது, குரலாப் பேசி அனுப்பலாமே எண்டு கேப்பாய். என்ட குரலை நான் அனுப்பலாம் மகன். உன்ட குரல்தான் எனக்கு வந்து சேராது.

எனக்குக் காது கேக்காது. முழுக்க இல்ல. லொறி வாறது கேக்கும். காகம் கத்துறது கேக்கும். ஹாஜியார்மார் மாதிரித் தொண்டை பெருத்த ஆக்கள் கதைச்சா விளங்கும். கேத்தல் விசில் அடிக்கிறது கேக்காது. அணில் கேக்காது. உன்ட பொண்டாட்டி மெல்லிசாக் கதைச்சா வாயைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுறன். பத்துப் பன்னிரண்டு வருஷமா இப்பிடித்தான். நீ கொழும்பில சத்தக் கருவி செய்யிற கொம்பனியில பெரிய எஞ்சினியர். மண்டபங்களுக்கு எங்க எந்த ஸ்பீக்கர் பூட்டுறது எண்டு சொல்லுற ஆள். உன்னப் பெத்தவள் செவிடு எண்டு உனக்குத் தெரியாது. உன்னில குறையில்ல. நான் அவ்வளவு நல்லா மறைச்சன்.

ஏன் மறைச்சன் எண்டு சொல்லுறதெண்டா, நான் கல்யாணம் முடிக்க முதல் இருந்த தறிக் கொட்டிலப் பத்திச் சொல்லவேணும். மருதமுனையில ஒரு தகரக் கூரைக்குக் கீழ பதினாறு தறி. எல்லாம் ஒண்டா அடிச்சா பக்கத்துல நிக்கிற ஆள் சொல்லுறது கேக்காது. அதுக்குள்ள என்ட தறியில ஒரு நூல் அறுந்தா, கண்ணால பாக்க முதல் காதால கண்டு பிடிப்பன். நாங்க நெய்த சாறன் எடுக்க வந்த உன்ட வாப்பா அதைப் பாத்திட்டுத்தான் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பினார். "நான் இவட முகத்தக் கட்டல்ல, காதைத்தான் கட்டினன்" எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சார். கல்யாணத்துக்குப் பிறகும் இருபத்தேழு வருஷம் அந்தக் கொட்டில்லதான் வேலை செய்தன். அந்தச் சத்தம்தான் அந்தக் காதைத் திண்டது. மனிசன் பெருமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்ச சாமான் இல்லாமப் போச்சு எண்டு அவரிட்ட எந்த வாயால சொல்லுறது?

வாப்பா பகல்ல சாறன் விப்பார், மிச்ச நேரத்துல மைக் சத்தத்தைப் பெருக்கிற அம்ப் செய்வார். அவருக்கு ஒருத்தரும் படிப்பிக்கல்ல. உடைஞ்ச ரேடியோவக் கழட்டிக் கழட்டிப் படிச்சவர். ட்ரான்ஸ்போமருக்குச் செப்புக் கம்பி சுத்துறதுக்கு என்ட நூல் ராட்டையைத்தான் எடுப்பார். நான் சுத்துவன், அவர் எண்ணுவார். இடையில ஆராவது வாசல்ல ஸலாம் சொன்னா எண்ணிக்கை பிசகிடும், எல்லாத்தையும் அவிழ்த்து முதல்ல இருந்து சுத்தவேணும். நீ கெம்பஸ் போன முதல் வருஷம் லீவுல வந்து, அவர் செய்த ஒரு அம்பைத் திறந்து பாத்தாய். ஞாபகம் இருக்கா?

"வாப்பா, இது ஏன் வேலை செய்யுதெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"வேலை செய்யுது தானே மனே, அது போதாதா?"

"எரிஞ்சா?"

"எரிஞ்சா ஏனெண்டு தெரிஞ்சிடும்."

நீ சிரிக்கல்ல. நான் சிரிச்சன். இப்ப யோசிச்சா நீ சிரிக்காததுதான் சரி எண்டு படுது. ஏனெண்டா அடுத்த மாசம் ஒரு கல்யாண வீட்டுல நிக்காஹ் நடக்கக்குள்ள மௌலவி வாப்பாட மைக்கைத் தொட்டதும் கரண்ட் அடிச்சு "அல்லாஹு அக்பர்" எண்டு பாய்ல இருந்து துள்ளி எழும்பினார். மாப்பிள்ளை பயத்துல, சம்மதம் கேக்க முதலே "கபூல்" எண்டு சொல்லிட்டார் எண்டு ஊர் சிரிச்சது. நிலத்துக்குள்ள கம்பி இறக்கி ஏர்த் குடுக்கச் சொல்லி நீ அதுக்கு முதலே சொல்லியிருந்தாய். வாப்பா கேக்கல்ல. அதுக்குப் பிறகும் என்ன செய்தார்? அடுத்த நிக்காஹ்வுக்கு மௌலவிட காலுக்குக் கீழ ஒரு பலகையைப் போட்டார்! நீ வந்து கம்பி இறக்கிக் குடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதால உன்ட படிப்பு குறைஞ்சது, அவர்ட கைவேலை உசத்தி எண்டு நான் எழுத வரல்ல. ஒரு உசிர் போயிருந்தா என்ன சொல்லியிருப்பம்?

நீ முதல் சம்பளத்துல அவருக்கு ஒரு சின்ன மைக் அனுப்பினாய், சத்தத்தை அளக்கிறதுக்கு. கம்பியூட்டர்ல பூட்டினா கோடு கோடாக் காட்டும் எண்டாய். அவர் அதைப் பெட்டியோட அலுமாரியில வச்சார். நீ கேட்டதுக்கு என்னைக் கையக் காட்டி, "என்ட மிஷின் அந்தா நிக்குது மனே. அதுக்குக் கரண்டும் தேவையில்ல" எண்டார். நீ பல்லைக் கடிச்சிட்டு வெளியில போனாய். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ள போனன். அண்டைக்கே எனக்கு அணில் சத்தம் நிண்டு ரெண்டு வருஷம். அந்த நேரம் வாயைத் திறந்து, "இல்லப்பா, உங்கட மிஷின் பழுது, புள்ள அனுப்பினதப் பாவிங்க" எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா, இந்தக் கடிதம் இல்ல.

மறுகா தைக்கா வந்தது. பொண்டுகள் தொழவும் மார்க்கப் பேச்சு, பயான் கேக்கவும் புதுசாக் கட்டின இடம். அதுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் வாப்பாதான் செய்து தாறன் எண்டு நிண்டார். ஸ்பீக்கர் பூட்டுற ஆம்பிளை, பொண்டுகள் நிறைஞ்சு இருக்கக்குள்ள உள்ள வந்து கேட்டுப் பாக்க ஏலாது. அதுதான் அங்க உள்ள சிக்கல். அதால என்ட வயசுப் பொண்டுகள் சிலரோட நான் உள்ள இருப்பன், அவர் வெளியில மைக்கோட நிப்பார். அரபு எழுத்தச் சொல்லுவார், "ஸீன், ஷீன், ஸாத்" எண்டு. பொண்டுகளுக்கு முக்கியம் அதுதான், மார்க்கம் படிச்சுக் குடுக்கிற ஆலிமா ஓதிக் காட்டக்குள்ள ஒரு எழுத்து மற்ற எழுத்தாக் கேக்கக் கூடாது. நான் யன்னலால தலையை நீட்டி, "ஸீன் விளங்கல்ல, மங்கலா இருக்கு" எண்டன். நான் பொய் சொல்லல்ல, எனக்கு மங்கலாத்தான் இருந்தது. அவர் கூர்ச் சத்தம் வாற ட்ரெபிளைக் கூட்டினார். "இப்ப?" "இன்னும் விளங்கல்ல." உள்ளுக்க ஏதோ மாத்தினார். "இப்ப?" "கொஞ்சம் காணாது." கடைசியில கூர்ச் சத்தத்துக்கெண்டு தனியா ரெண்டு சின்னக் குழாய் ஸ்பீக்கர் செய்து பூட்டினார். அப்ப ஸீன் வேற ஷீன் வேறயா வந்து என்ட காதுக்குள்ள விழுந்தது. கையைத் தூக்கி "சரி" எண்டு காட்டினன். அவர்ட முகத்த நீ பாத்திருக்கவேணும்.

முதல் பயான் அண்டைக்கு நான் அழுதன் மகன். கனகாலத்துக்குப் பிறகு ஒரு மனிசி வாயால சொல்லுறது முழுசா எனக்கு வந்தது. கண்ணைத் துடைச்சிட்டுக் கிறுகிப் பாக்கன், பின்வரிசையில இருக்கிற வாலிபப் புள்ளையள் முக்காட்டுக்கு மேலால காதைப் பொத்திக்கொண்டு இருக்குதுகள். எனக்குத் தேன், அதுகளுக்கு ஊசி. அந்த நிமிசம்தான் பிழை என்ட காதில எண்டு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது. ஆனா வீட்ட வந்து என்ன சொன்னன் தெரியுமா? "பொண்டுகள் சத்தம் கூட எண்டு குறை சொல்லுதாமே" எண்டு அவர் கேட்டதுக்கு, "அதுகளுக்குப் பழக்கமில்ல. பழகினாச் சரிவரும்" எண்டன். வெட்கம் ஒரு பக்கம். மற்றது, திருப்பியும் அந்தச் சத்தம் இல்லாமப் போயிடும் எண்ட பயம். அவர் நம்பினார். பள்ளிவாசல் நிர்வாகத்து ஹாஜியார்மார் வந்து சொல்லியும், "என்ட மனிசி உள்ளுக்க இருந்து கேட்டவ, நீங்களா கேட்டீங்க?" எண்டு சண்டை பிடிச்சார். ஊர் அவரைப் பிடிவாதக்காரன் எண்டது.

அதுக்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனா நீ ஒரு பக்கத்துல நிண்டுதான் பாத்தாய். நீ லீவுல வந்தாய். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார்மார் உன்னையும் வாப்பாவையும் தைக்காவுக்குக் கூட்டிப் போனாங்க. நான் திரைக்கு இங்கால தேத்தண்ணியோட நிண்டன். நீ சத்தம் அளக்கிற சின்ன மைக்கை ஒரு ஸ்டாண்டில நிப்பாட்டி, கம்பியூட்டரைத் திறந்தாய். "பாருங்க ஹாஜியார், இந்த இடத்துல மலை மாதிரி ஏறி நிக்குது. இதுதான் காதைக் குத்துறது" எண்டாய். தலைவர் ஹாஜியார்ட குரல் எனக்கு நல்லாக் கேட்டது. "சாறன் விக்கிறவரிட்டச் சத்தம் வாங்கினா இப்பிடித்தான். ரெண்டு தரம் கழுவினாச் சாயம் போயிடும்!" எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சாய். சிரிச்சிட்டு ஒரு சொல் சொன்னாய். திரை இடுக்கால உன்ட வாயைப் பாத்துக்கொண்டு நிண்டன், எனக்குத் தப்பாது. "இதைச் செட் பண்ணின ஆளுக்குக் காது இல்ல ஹாஜியார். தெரியாத வேலைல கை வச்சா இப்பிடித்தான்."

வாப்பா கோபப்படுவார் எண்டு நான் நினைச்சன். அவர் கோபப்படல்ல. உன்னையும் பாக்கல்ல, ஹாஜியாரையும் பாக்கல்ல. திரைப் பக்கம் பாத்தார். பாத்துக்கொண்டே, "மகன் சொன்னாச் சரிதான்" எண்டார். நீ அந்த ரெண்டு சின்னக் குழாயையும் கழட்டி வாப்பாட கையில குடுத்திட்டுப் போனாய். பொண்டுகளுக்கு நிம்மதி. எனக்கு அண்டையோட பயான் முடிஞ்சுது.

நீ கொழும்புக்குப் போன அடுத்த நாள், நான் குசினியில முருங்கை இலை உருவிக்கொண்டு இருந்தன். திடீரெண்டு வேலிக்கு அங்கால ஜெசீமா மாமி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்து நிக்கா, வாய் மட்டும் அசையுது. "என்ன கரைச்சல் காக்கா இது, காது வெடிக்கப் போகுது!" எண்டுதான் சொல்லியிருக்கவேணும். நான் கிறுகிப் பாத்தன். எனக்குப் பின்னால மூணு அடி தூரத்துல வாப்பா நிக்கார். கையில அந்தச் சின்னக் குழாய் ஸ்பீக்கர். கேத்தல் விசிலை விடக் கூரான சத்தம் ஒண்டை அதுல விட்டிருக்கார், அது எப்ப தொடங்கினது எண்டும் எனக்குத் தெரியாது, எப்ப நிப்பாட்டினார் எண்டும் தெரியாது. என்னைப் பாத்தார். எனக்கு முன்னால வந்து நிண்டு, வாயை நல்லாத் திறந்து, "தேத்தண்ணி ஒண்டு தாறியா புள்ள?" எண்டார். அண்டையில இருந்து மவுத்தாகிற வரைக்கும் எனக்கு முன்னால வந்து நிண்டுதான் கதைச்சார். ஒரு நாளும் பின்னால இருந்து கூப்பிடல்ல. காதைக் கட்டினன் எண்ட பகிடியையும் அதுக்குப் பிறகு சொல்லல்ல.

ஒருக்கா நான் தொடங்கினன். "மகனுக்குச் சொல்லுங்களன்" எண்டன். "என்னத்த?" எண்டு கேட்டார். என்ட வாயைப் பாத்துக்கொண்டு நிண்டார், நான் சொல்லட்டும் எண்டு. "ஒண்டுமில்ல" எண்டன். அந்த "ஒண்டுமில்ல" இப்ப என்னைத் தொழ விடுகுதில்ல. அவர் சொன்னா நான் ஊருக்குள்ள செவிட்டுப் பொண்டாட்டி, பொய்க்காரி. சொல்லாட்டி அவர் ஒண்டும் தெரியாத பிடிவாதக்காரன். அவர் ரெண்டாவதை எடுத்தார். மூணு மாசத்துல, ஒரு நாள் அஸர் தொழுகைக்கு முதல், கடைக்குள்ள நெஞ்சப் பிடிச்சுக்கொண்டு விழுந்தார். நீ சொன்ன சொல்லாலதான் மவுத்தானார் எண்டு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டன். மனிசன்ட ஹயாத்து நாள் அல்லாஹ்ட கையில. ஆனா அந்த மூணு மாசமும் அவர் ஈயம் உருக்கிற அயனைத் தொடல்ல. அதை மட்டும் சொல்லாம இருக்க ஏலாது.

வாப்பாவை அடக்கின அண்டைக்கு, ஜனாஸாத் தொழுகைக்கு முதல் நீ பள்ளிவாசல் முத்தத்துல எழும்பி நிண்டு சனத்திட்ட மன்னிப்புக் கேட்டாயாம். எல்லாப் புள்ளையும் தகப்பனுக்காகக் கேக்கிறதுதான். ஜெசீமா மாமிட மகன் கேட்டு வந்து அவவிட்டச் சொல்லி, அவ எனக்குச் சொன்னா. "எங்கட வாப்பா ஆருக்கும் கையால வாயால ஏதும் செய்திருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க. தெரியாத வேலைல ஆசைப்பட்டுக் கை வச்சு, தைக்கால எங்கட தாய்மாருக்கும் சகோதரிமாருக்கும் கரைச்சல் குடுத்தவர். அதையும் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" எண்டு வாப்பாட பேரையும் சொல்லிக் கேட்டாயாம். நீ அழுதாயாம். சனம் "பொறுத்தம், பொறுத்தம்" எண்டதாம். நல்ல மனசோடதான் கேட்டாய், எனக்குத் தெரியும். ஆனா மகன், சனம் செய்யாத ஆளைப் பொறுத்தது. செய்தவள் வீட்டுக்குள்ள திரைக்குப் பின்னால இருந்தன். எனக்கு ஒருத்தரும் பொறுக்கல்ல. இத்தா வீட்டுக்கு ஓதிக் குடுக்க வாற ஆலிமாவிட்ட, ஆருக்கோ நடந்த மாதிரிக் கேட்டுப் பாத்தன். "அல்லாஹ்ட ஹக்குல, அவன்ட உரிமைல, செய்த பிழையை அல்லாஹ் பொறுப்பான் ராத்தா. மனிசன்ட ஹக்கை அந்த மனிசன்தான் பொறுக்கவேணும்" எண்டா. "அந்த மனிசன் மவுத்தாகியிருந்தா?" எண்டன். "அவர்ட பேரையாவது நேராக்கவேணும்" எண்டா.

உன்னோட எனக்குக் கோபம் இருந்தது, இப்பவும் கொஞ்சம் இருக்கு. உன்ட கருவியோட கோபமில்ல. அதுக்கு வெட்கம் கிடையாது, அதால பொய் சொல்லாது. நான் வெட்கப்பட்டன், பொய் சொன்னன். வாப்பா நம்பக் கூடாத அளவுகோலை நம்பினார், அது அவர் செய்த பிழை. ஆனா நீ அந்த மலைக் கோட்டப் பாத்த நேரம், "வாப்பா, இதை ஏன் இவ்வளவு கூட்டினீங்க? ஆர் கேட்டுச் சொன்னது?" எண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஹாஜியாருக்கு முன்னால இல்ல, வீட்ட வந்து. ஒரு மனிசன் முப்பது வருஷம் கை வச்ச வேலையில திடீரெண்டு அவ்வளவு பெரிய பிழை வருகுதெண்டா, அதுக்குப் பின்னால ஒரு காரணம் இருக்காதா? இனி எந்த ஊருக்குப் போய் எந்த மண்டபத்துல வேலை செய்தாலும், படிக்காத ஆள் செய்து வச்சதைப் பிரிக்க முதல் அந்தக் கேள்வியைக் கேளு. கேட்டுப் பாத்தும் அவன் செய்தது மடத்தனமா இருந்தா, பிரிச்சு எறி.

இன்னொண்டு. அண்டைக்குக் காதைப் பொத்தினது பின்வரிசை வாலிபப் புள்ளையள்தான். முன்வரிசைக் கிழவியள் ஒருத்தியும் பொத்தல்ல. அதுகள் எல்லாம் என்னோட தறி அடிச்சதுகள். நீ குழாயைக் கழட்டினதுக்குப் பிறகு நான் அதுகளைக் கவனிச்சுப் பாத்தன். ஆலிமா சிரிச்சா ஒரு கணம் பிந்திச் சிரிக்குதுகள். "ஆமீன்" பக்கத்து ஆளப் பாத்திட்டுச் சொல்லுதுகள். என்னை மாதிரியே தலையாட்டுதுகள். நீ வெறும் மண்டபத்துல கோட்டை நேராக்கினாய், அது சரியான கோடுதான். அதுக்குள்ள இருக்கிற நாங்க நேரா இல்ல. அதுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது, வாப்பாவுக்கும் தெரிஞ்சிருக்காது. நீ படிச்ச படிப்புல அதுக்கு வழி இருந்தா, வாற வெள்ளிக்கிழமை புது மிஷின் பூட்ட வரக்குள்ள யோசிச்சிட்டு வா. வழியில்லையெண்டா அதையும் சொல்லு. வாப்பாட செட்டைக் கழட்டு, அதுல எனக்கு மறுப்பில்ல. வாப்பாட கடையில கிடக்கிற அந்த ரெண்டு சின்னக் குழாயையும் எறியாம வீட்ட கொண்டு வா.

ஆனா கழட்ட முதல் ஒரு வேலை இருக்கு. நீ ஜும்ஆவுக்குத்தானே வந்து சேருவாய். தொழுகை முடிஞ்சு சனம் எழும்பிப் போக முதல், மன்னிப்புக் கேட்ட அதே பள்ளி முத்தத்துல எழும்பி நில்லு. என்ட இத்தா முடிய இன்னும் நாப்பது நாள் இருக்கு. அது முடிஞ்சதும் தைக்காவுல பொண்டுகளுக்கு முன்னால நானே எழும்பிச் சொல்லுவன். ஆம்பிளையளிட்ட நீதான் சொல்லவேணும். தைக்கா ஸ்பீக்கர்ல வாப்பாட கை பிழைக்கல்ல, அவர் கேட்டு நம்பின காதுதான் பிழை, அந்தக் காதுக்காரி தெரிஞ்சும் மறைச்சவ, வாப்பா அதைக் கண்டு பிடிச்சும் அவவைக் காட்டிக் குடுக்கல்ல எண்டு சொல்லு. "நான் அண்டைக்கு வாப்பாவுக்குக் கேட்ட மன்னிப்பை அவர்ல இருந்து எடுத்து அவவுக்குக் குடுங்க" எண்டு கேளு. பொறுக்கிற ஆக்கள் பொறுக்கட்டும், சிரிக்கிற ஆக்கள் சிரிக்கட்டும். ஹாஜியாருக்கு ஒரு புதுப் பகிடி கிடைக்கும், கிடைக்கட்டும். இந்தக் கடிதத்தை அப்பிடியே வாசிச்சுக் காட்டினாலும் சரி, நான் மூடி எழுதல்ல.

உனக்கு வாய் கூசும். பள்ளியில பொண்டுகள்ட பேரை ஆரும் சத்தமாச் சொல்லுறதில்ல, "உம்மா" எண்டு சொல்லி விட்டிடலாம் எண்டு நினைப்பாய். அப்பிடிச் செய்யாத மகன். வாப்பாட பேரைச் சொல்லித்தானே மன்னிப்புக் கேட்டாய். என்ட பேரையும் சொல்லு.